மோட்டார் வண்டிப் பதிவும் உடையவர் பொறுப்பும்

திருவாரூர் வீதியில் தேர்க்காலில் அகப்பட்டு ஒரு பசுங்கன்று மடிந்ததையும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட்டதையும், மனுநீதிச் சோழன் முறை செய்ததையும் அறியாதார் நம்மில் இலர். அவ்வரலாற்றைக் கேட்போர் அரசனது செங்கோன்மையை வியந்து போற்றுவர், அது தக்கதே. ஆயினும், நாம் ஈண்டு வேறொன்றைக் கருதுவோம். அத்தேர் யாருடையது என்னும் வினா அன்று ஒருவர்க்கும் எழவில்லை. அது அரசகுமாரனுடைய தேர் என்பதை ஊர் முழுதும் அறியும். தீங்கு செய்த வண்டி இன்னது, அதற்குரியவர் இன்னார் என்பது தெளிவாயிருந்தமையாலேயே, நீதி தாமதமின்றி நடைபெறுவதாயிற்று.

பழைய ஏற்பாட்டிலும் இதனை ஒத்த செய்தி ஒன்று உண்டு. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்திலே முட்டுகிற மாட்டைப் பற்றிய விதி கூறப்பட்டுள்ளது. தன் மாடு முட்டும் இயல்பினது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் அதனைக் கட்டி வையாதவன், அதனால் நேரும் உயிர்ச்சேதத்திற்குப் பொறுப்பாளியாகிறான். அங்கும் மாடு யாருடையது என்று தேட வேண்டியதில்லை. சிற்றூரில் ஒவ்வொரு மாட்டையும் அதன் சொந்தக்காரரையும் அனைவரும் அறிவர்.

நம் காலத்து வண்டிகளின் நிலை அத்தகையதன்று. ஒரே சாலையில் ஒரே நிறமும் ஒரே வடிவமும் உடைய நூறு வண்டிகள் கடுகிச் செல்கின்றன. காலையில் நாகர்கோவிலில் இருந்த வண்டி மாலையில் திருச்சிராப்பள்ளியைக் கடந்து செல்கிறது. வழியில் ஒருவர் அடிபட்டு வீழ்வாராயின், அவர் யாரை நோக்கி முறையிடுவார்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே வாகனப் பதிவு. அதனை அரசாங்கம் வரி தண்டுவதற்குச் செய்த சூழ்ச்சி என்று எண்ணுவாரும், ஆபீசுக்கு ஆபீசு அலைக்கழிக்கும் வீண் சடங்கு என்று எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதையும், அதனால் விளையும் துன்பம் பெரிதென்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. பதிவின் தோற்றம்

மோட்டார் வண்டிக்கு அடையாளப் பலகை வேண்டுமென்று முதன்முதல் விதித்த நகரங்களுள் பாரிஸ் தலைசிறந்தது. 1893-ஆம் ஆண்டில் அந்நகரப் போலீஸ் அதிகாரம் பிறப்பித்த ஆணையின்படி, ஒவ்வொரு வண்டியும் உடையவர் பெயரும் விலாசமும் ஓர் எண்ணும் பொறித்த உலோகப் பலகையைத் தாங்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் இயற்றப்பட்டு, 1904 ஜனவரி முதல் பதிவு கட்டாயமாயிற்று.

இந்தியா முழுமைக்கும் பொதுவான சட்டம் 1914-இல் தோன்றியது. பின்னர் 1939-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இப்பொழுது நடைமுறையிலுள்ளது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். இது 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 2019-இல் பெரிதும் திருத்தப்பட்டது. இதனோடு 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். சட்டம் கடமையைக் கூறும். விதிகள் அக்கடமையை நிறைவேற்றும் முறையையும் படிவங்களையும் கூறும்.

2. புது வண்டி பதிவு பெறும் முறை

பதிவு பெறாத மோட்டார் வண்டியைப் பொது இடத்தில் ஒருவரும் ஓட்டலாகாது. உடையவர் பிறரை ஓட்டுமாறு விடுதலும் ஆகாது. இது சட்டத்தின் 39-ஆம் பிரிவு. இதனை மீறுவோர்க்கு முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் மீறின் அபராதம் மிகும். சிறைத்தண்டனையும் விதிக்க இடமுண்டு.

முற்காலத்தில் வண்டியை வாங்கியவரே அதனைப் பதிவு அதிகாரியிடம் ஓட்டிச்சென்று காட்டுதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், வண்டியை வாங்கிய மாநிலத்திலேயே பதிவு செய்வதாயின், விற்பனையாளரே விண்ணப்பம் செய்கின்றனர். விண்ணப்பத்திற்குரியது 20-ஆம் படிவம். விற்பனைச் சான்று 21-ஆம் படிவம். வண்டி சாலையில் ஓடத் தகுதியுடையது என்று அதனைச் செய்த கம்பெனியார் தரும் சான்று 22-ஆம் படிவம். இவற்றுடன் காப்பீட்டுப் பத்திரமும் விலாசச் சான்றும் வரி செலுத்திய அத்தாட்சியும் சேரும். இவையெல்லாம் ஒழுங்காயிருப்பின் வண்டிக்கு எண் வழங்கப்படும். பதிவுச் சான்றும் கிடைக்கும். இதனையே மக்கள் ஆர்.சி. புத்தகம் என்பர், புத்தக வடிவம் போய் அட்டையாக மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

எண்பலகையின் உறுப்புகள் நான்கு. முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தைக் குறிக்கும், டி.என். என்பது தமிழ்நாடு. அடுத்த இரண்டு இலக்கங்கள் பதிவு அலுவலகத்தைக் குறிக்கும். 72 திருநெல்வேலி, 69 தூத்துக்குடி, 74 நாகர்கோவில். அதன்பின் வரிசை எழுத்துகளும், இறுதியில் நான்கிலக்கம் வரையுள்ள எண்ணும் நிற்கும். சொந்த உபயோக வண்டிக்கு வெண்பலகையில் கருப்பெழுத்து. வாடகை வண்டிக்கு மஞ்சட் பலகையில் கருப்பெழுத்து. மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகை. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு எளிதிற் கழற்ற இயலாத உயர்பாதுகாப்புப் பலகை கட்டாயமாயிற்று.

பலகையினும் உறுதியான அடையாளம் ஒன்றுண்டு. அதுவே வண்டியின் சட்டத்தில் பொறிக்கப்பட்ட சேஸிஸ் எண். பதினேழு எழுத்தும் இலக்கமும் கலந்த அவ்வெண்ணும், எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றில் காணப்படும். பலகையை மாற்றுதல் கள்வர்க்கு எளிது. சேஸிஸ் எண்ணை ஐயமின்றி மாற்றுதல் அரிது. ஆதலின் பழைய வண்டி வாங்குவோர் முதற்கண் செய்யத்தக்கது, இவ்விரண்டு எண்களையும் சான்றோடு ஒப்பிட்டு நோக்குதலே.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் வண்டியைச் சோதித்து, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். வாடகை வண்டிகளுக்கோ தகுதிச் சான்று நடப்பில் இருத்தல் வேண்டும். அஃதில்லையேல் அவ்வண்டி முறையாகப் பதிவு பெற்றதாகவே சட்டம் கருதாது.

3. உரிமை வேறு, பதிவு வேறு

இனி இப்பாடத்தின் நடுநாயகமான பகுதிக்கு வருவோம். பதிவுச் சான்று வண்டியின் கிரயப் பத்திரமா? பலரும் ஆம் என்பர். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

நிலத்தின் வழக்கை முதலில் நோக்குவோம். எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்திலுள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கியபொழுது, பத்திரம் எழுதி முத்திரையிட்டுச் சாட்சிகளை வைத்து, அதனை மண்பாண்டத்திலே பத்திரப்படுத்தச் செய்தார் என்று வேதாகமம் கூறுகிறது. நிலத்திற்குப் பத்திரம் இன்றியமையாதது என்னும் கருத்து அவ்வளவு தொன்மையானது. நம் நாட்டிலும் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான நிலத்தைப் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலன்றி விற்றல் இயலாது. அஃதாவது, பத்திரம் பதிவாகாவிடின் விற்பனையே இல்லை.

வண்டியோ அசையும் பொருள். அதன் விற்பனையை ஆள்வது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம். அச்சட்டத்தின்படி, விற்பவரும் வாங்குபவரும் எப்பொழுது உரிமை மாறவேண்டுமென்று கருதினார்களோ அப்பொழுதே உரிமை மாறிவிடும். விலை பேசிப் பணம் கொடுத்துச் சாவியைப் பெற்றுக்கொண்ட அளவில், அவ்விருவர்க்கிடையே விற்பனை முடிந்ததாகக் கொள்ளலாம். பதிவேட்டில் பெயர் மாறாதது பற்றி அது கெடுவதில்லை.

பிற நாட்டு முறைகளையும் ஒப்பு நோக்குதல் நன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உரிமைச் சான்று வேறு, பதிவு வேறு. டைட்டில் என்று வழங்கும் உரிமைச் சான்றை மாநில அரசாங்கம் தரும். விற்பவர் அதிலேயே கையொப்பமிட்டு வாங்குபவரிடம் ஒப்படைப்பர். கடன் கொடுத்தவரின் பற்றும் அதில் குறிக்கப்படும். பிரிட்டனிலோ பதிவுச் சான்றில் குறிக்கப்படுபவர் வண்டியை வைத்திருப்பவர். அச்சான்று உரிமைக்கு அத்தாட்சி அன்று என்று அதிலேயே அச்சிடப்பட்டுள்ளது. நம் நாட்டில் தனி உரிமைச் சான்று இல்லை. பதிவுச் சான்று ஒன்றே உண்டு. அது உரிமைக்குச் சிறந்த சான்றாகலாம், ஆயின் உரிமையை ஆக்குவதன்று.

அங்ஙனமாயின் பெயர் மாற்றுவதில் என்ன அவசரம் என்று கேட்கலாம். அவ்வினாவிலேதான் ஆபத்து மறைந்து கிடக்கின்றது.

4. சட்டத்தின் கண்ணில் உடையவர் யார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு 30-ஆம் உட்பிரிவு உடையவர் என்னும் சொல்லுக்குப் பொருள் வரையறுக்கிறது. எவர் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே உடையவர். பதிவானவர் வயது நிரம்பாதவராயின் அவருடைய காப்பாளர் உடையவர். தவணைக் கடனிலோ குத்தகையிலோ பெற்ற வண்டியாயின், அவ்வொப்பந்தத்தின்படி வண்டியைக் கைக்கொண்டிருப்பவர் உடையவர்.

ஆகவே, விற்றவர்க்கும் வாங்கியவர்க்கும் இடையே ஒரு நிலை. உலகத்திற்கு முன்னர் மற்றொரு நிலை. விற்பனை இருவர் அறிந்த செய்தி. பதிவேடோ எல்லோர்க்கும் பொதுவான செய்தி. அடிபட்டவர் பொதுவான செய்தியையே நம்ப முடியும்.

இதனை 2018 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவுற விளக்கியது. ஒரு கார் 2007-இல் விற்கப்பட்டது. வாங்கியவர் மற்றொருவர்க்கு விற்றார். அவர் பிறிதொருவர்க்கு விற்றார். இவ்வாறு பல கை மாறியது. 2009-இல் அக்கார் மோதி ஒருவர் உயிரிழந்தார், மற்றொருவர் காயமுற்றார். அன்றும் பதிவேட்டில் நின்ற பெயர் 2007-இல் விற்றவருடையதே. உயர் நீதிமன்றம் பின்னர் வாங்கியவரைப் பொறுப்பாக்கியது. உச்ச நீதிமன்றமோ, பதிவேட்டில் பெயருடையவரே பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. கைமாறிய தடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லும் சுமையை, அடிபட்டவர்மீதோ இறந்தவர் குடும்பத்தார்மீதோ சுமத்துதல் தகாது என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து.

இத்தீர்ப்பு விற்றவர்க்குக் கொடியதாகத் தோன்றலாம். இரண்டாண்டு முன்னரே காரைக் கைவிட்டவர் அதன் குற்றத்திற்கு ஈடு செலுத்துவதா என்று இரங்கலாம். ஆயின் தராசின் மற்றொரு தட்டையும் நோக்குதல் வேண்டும். ஒருபுறம் நிற்பவர், சில நாளில் முடித்திருக்கக்கூடிய கடமையை விட்டவர். மறுபுறம் நிற்பவர், யாதொரு தவறும் செய்யாது வீதியில் நடந்து சென்றவர். இவ்விருவருள் ஒருவர் இழப்பை ஏற்றே தீரவேண்டுமாயின், அது யார்மேல் விழுவது நீதி? தேடும் வருத்தத்தை எளியவரிடமிருந்து நீக்கியதில், சட்டம் ஆராய்ச்சி மணியின் கயிற்றை அவர் கைக்கு எட்டும்படி தாழ்த்திக் கட்டியது எனலாம்.

5. ஓர் எடுத்துக்காட்டு

நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நிகழ்வதொன்றைக் காட்டாகக் கொள்வோம். பட்டம் பெற்று வெளியூர் செல்லும் மாணவர் ஒருவர், தம் மோட்டார் சைக்கிளை விடுதியிலுள்ள இளைய மாணவர்க்கு விற்கிறார். ஜூன் 1-ஆம் தேதி பணமும் சாவியும் கைமாறுகின்றன. 29, 30-ஆம் படிவங்களில் தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுத்துவிட்டு, மூத்தவர் ரயிலேறிவிடுகிறார். இளையவர் அத்தாள்களைப் பெட்டியில் வைத்து மறந்துவிடுகிறார்.

சட்டம் வேண்டுவது யாது? 50-ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்தில் பதிவான வண்டியாயின், விற்றவர் 14 நாளுக்குள், அஃதாவது ஜூன் 15-க்குள், பதிவு அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பின் படியை வாங்கியவர்க்கும் அனுப்புதல் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள், அஃதாவது ஜூலை 1-க்குள், தாம் வசிக்கும் அல்லது வண்டியை வைத்திருக்கும் இடத்துப் பதிவு அதிகாரியிடம் பதிவுச் சான்றையும் கட்டணத்தையும் சேர்த்து விண்ணப்பித்தல் வேண்டும். வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதாயின், விற்றவர் 45 நாளுக்குள் அம்மாநில அதிகாரியின் தடையில்லாச் சான்றைப் பெற்று அனுப்புதல் வேண்டும். கடமை இருவர்க்கும் தனித்தனியே உண்டென்பதை மாணவர் நன்கு மனத்திற் கொள்க. வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விற்றவர் வாளா இருத்தற்கு இடமில்லை.

நம் எடுத்துக்காட்டில் இருவரும் வாளா இருந்தனர். அதன் பயன்களை நோக்குவோம். சாலை விதியை மீறியதற்கான அறிவிப்புகள் மூத்தவர் பெயருக்கே வரும். வண்டியை ஓட்டியவர் யாரென்று போலீசார் வினவின், 133-ஆம் பிரிவின்படி விவரம் கூறவேண்டியவரும் அவரே. மூன்றாம் நபர்க்குரிய காப்பீடு, வண்டி கைமாறும்பொழுது வாங்கியவர்க்கு மாறியதாகவே 157-ஆம் பிரிவு கருதுகிறது. ஆயினும் அக்காப்பீடு காலம் கடந்த பின் இளையவர் புதுப்பிக்காமல் விட்டு, அதன்பின் விபத்து நேருமாயின், ஈட்டுத்தொகை மூத்தவர் தலைமீது விழும். அவர் பின்னர் இளையவர்மீது தனி வழக்குத் தொடுக்க முயலலாம். அதற்குள் இளையவர் எவ்வூரில் இருப்பாரோ!

இளையவர்க்கும் இதனால் நன்மையில்லை. 157-ஆம் பிரிவு காப்பது மூன்றாம் நபர்க்கு நேரும் இழப்பை மட்டுமே. வண்டி களவு போனாலும் உடைந்தாலும் கிடைக்கவேண்டிய சொந்தச் சேத ஈடு, காப்பீட்டுக் கம்பெனியார் பெயரை மாற்றித் தந்தாலன்றித் தானாக மாறுவதில்லை. இதனை 1995-இலேயே உச்ச நீதிமன்றம் உரைத்தது. வண்டி களவு போன அன்று அவர் கையில் பெயரற்ற தாள்களே எஞ்சும்.

பழைய வண்டி வணிகர் வாயிலாக விற்போர்க்கும் ஒரு சொல். 2022 டிசம்பரில் மத்திய விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி, அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்த செய்தியைப் பதிவு அதிகாரிக்கு முறைப்படி அறிவித்தால், அவ்வணிகரே உடையவராகக் கருதப்படுவர். அங்கீகாரம் இல்லாத தரகரிடம் வெறுந்தாளில் கையொப்பமிட்டுக் கொடுப்போர்க்கு இப்பாதுகாப்பு இல்லை.

6. கடன், இடமாற்றம், மரணம்

கடனில் வாங்கிய வண்டியின் பதிவுச் சான்றில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் குறிக்கப்படும். அக்குறிப்பு நிற்குமளவும், வங்கியின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பெயர் மாற்றம் நிகழாது. கடனைத் தீர்த்தவர் பலர் வங்கியின் கடிதத்தோடு மனநிறைவு கொண்டு நின்றுவிடுகின்றனர். 35-ஆம் படிவத்தின் வாயிலாகக் குறிப்பை நீக்கிய பின்னரே வேலை முடிந்ததாகும்.

அயல் மாநிலத்திலிருந்து வந்து பயிலும் மாணவர், தம் வண்டியை 12 மாதத்திற்கு மேல் இங்கு வைத்திருப்பாராயின், 47-ஆம் பிரிவின்படி இம்மாநில எண் பெறுதல் வேண்டும். விலாசம் மாறினாலும் 30 நாளுக்குள் அறிவித்தல் வேண்டும்.

உடையவர் இறந்துவிடின், வண்டியைப் பெறும் வாரிசு 30 நாளுக்குள் இறப்பை அறிவித்து, மூன்று மாதத்திற்குள் 31-ஆம் படிவத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். அம்மூன்று மாதமும் வண்டியை ஓட்ட விதி இடந்தருகிறது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உடையவர் தம் வாழ்நாளிலேயே நியமனதாரரைக் குறித்து வைக்கலாம். துயருற்ற குடும்பத்திற்கு இது பேருதவியாகும்.

பெற்றோரும் அறியவேண்டிய விதி மற்றொன்று. வயது நிரம்பாத சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் செய்யின், 199ஏ பிரிவின்படி காப்பாளரோ வண்டி உடையவரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அவ்வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்றோ, தடுக்க இயன்றதெல்லாம் செய்ததாகவோ மெய்ப்பிப்பவரே தப்புவர். பெயர் கொடுத்தவர் பொறுப்பும் கொடுத்தவர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து உரைப்போம். வண்டியின் உரிமை விற்பனையால் மாறும். பொறுப்போ பதிவேட்டில் பெயர் மாறினாலன்றி மாறாது. ஆதலின் வாங்குவோர், சேஸிஸ் எண், கடன் குறிப்பு, காப்பீடு, வரி ஆகிய நான்கையும் நோக்கிய பின்னரே பணம் கொடுக்க. விற்போர், வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடற்க. நாளும் நேரமும் குறித்து ஒப்படைப்புச் சீட்டு எழுதி இருவரும் கையொப்பமிடுக. 14 நாளுக்குள் அதிகாரிக்கு அறிவிக்க. அறிவித்ததோடு அமையாது, பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாறிற்றா என்று தாமே பார்த்துத் தெளிக.

இக்கடமைகளைச் செய்ய வேண்டுவன சிறிது பணமும் சில நாளுமே. அவற்றை மிச்சம் பிடிப்போர் தம்மை மட்டும் ஆபத்துக்கு உட்படுத்துவதில்லை. என்றோ ஒருநாள் எங்கோ ஒரு தெருவில் அடிபட்டு வீழும் அறியாதவர் ஒருவர், பொறுப்பாளி யாரென்று தேடி அலையும்படியும் செய்கின்றனர். கற்றறிந்த நாம் அத்தகையோர் வரிசையில் நிற்றல் ஆகாது. இவ்வாண்டு நம் கல்லூரியை விட்டுச் செல்வோருள் வண்டியை விற்போர் பலர் இருத்தல் கூடும். அவர்கள் ரயிலேறுமுன் அறிவிப்பைக் கொடுத்துச் செல்வார்களாக.